வலது கால் வண்டி

சங்கத்திலிருந்து வந்த கடிதத்தை அக்கா மூன்று தடவை படித்தாள். முதல் தடவை வாசலில் நின்றுகொண்டு, இரண்டாம் தடவை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மூன்றாம் தடவை தம்பியை எதிரில் நிறுத்திவைத்து, சத்தமாக.

"'தாங்கள் கொண்டுவரவிருக்கும் ஷூ வடிவ விளம்பர வண்டி அசலா நகலா என்பதை ஞாயிறு காலை மூவர் குழு பார்வையிட்டு முடிவு செய்யும். நகல் என்று தெரியவந்தால் அதைச் செய்தவர் பெயர் அறிவிப்புப் பலகையில் எழுதப்படும். அங்கத்தினர் எவரும் அவருக்கு வேலை கொடுக்கக் கூடாது.' காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. எல்லாருக்கும் இதே கடுதாசிதான் அனுப்புவாங்க, அக்கா. சும்மா ஒரு மிரட்டல்."

"மிரட்டலோ உருட்டலோ, உன் ஷெட்டுக்கு வர்ற வேலையில முக்கால்வாசி இவங்க குடுக்கிறது. பலகையில பேர் ஏறிடுச்சுன்னா அப்புறம் நீ சுத்தியலைத் தலைக்கு வெச்சுத் தூங்க வேண்டியதுதான்."

தம்பிக்கு டிங்கர் வேலை. நசுங்கிய தகரத்தைத் தட்டித் தட்டி, பழைய வளைவுக்குக் கொண்டுவந்துவிடுவான். ஊரில் அவனை டிங்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் குடியிருந்தது. அக்கா அரசு ஆஸ்பத்திரியில் ஷூ தைக்கிற பிரிவில் இருந்தாள். ஒரு கால் கட்டையாக இருப்பவர்கள், பாதம் திரும்பியவர்கள், விரல் இழந்தவர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அளவெடுத்து, மரத்தில் பாதம் செதுக்கி, அதன்மேல் தோலை இழுத்துத் தைத்துக் கொடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதையே செய்ததில், பஸ்ஸில் எதிரே உட்காருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கண் அவர் காலுக்குப் போய்விடும்.

சங்கம் என்றால் கைத்தொழில் சங்கமோ கடன் சங்கமோ அல்ல. பழைய காலத்தில் கம்பெனிகள் தங்கள் சரக்கைத் தெருத்தெருவாகக் காட்டுவதற்காகக் கட்டிய வேடிக்கை வண்டிகளைத் தேடிப் பிடித்து, சீர்படுத்தி, உயிரைவிட்டுக் காப்பாற்றுகிறவர்களின் சங்கம். சோப்புக் கட்டி மாதிரி ஒரு வேன், பற்பசைக் குழாய் மாதிரி ஒரு லாரி, பதினெட்டு அடி நீளத்துக்கு ஒரு பென்சில். ஒரு துருப்பிடித்த போல்ட்டுக்காக ரயிலேறி ரெண்டு நாள் போய்வருவார்கள். மேல் பெயிண்டைச் சுரண்டி அடியில் பழைய பெயிண்ட் தெரிந்துவிட்டால் கண் கலங்குவார்கள். பெண்டாட்டி பிறந்தநாள் மறந்துபோகும். எந்த வண்டி எந்த வருஷம் எந்தப் பட்டறையில் கட்டியது என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

தம்பிக்கும் அந்தக் கிறுக்கு தொற்றிக்கொண்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கோழிப் பண்ணையின் கொல்லையில், ஓட்டை விழுந்த தகரக் கூண்டு ஒன்றைப் பார்த்தான். கோழிகள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன. சுற்றி வந்து பார்த்தவனுக்கு மூச்சே நின்றுவிட்டது. அது கூண்டு இல்லை. பதினாலு அடி நீள ஷூ. கணுக்கால் நுழைகிற இடத்தில் டிரைவர் ஸீட். மூக்குப் பக்கம் எஞ்சின். அடித்தோல் இருக்க வேண்டிய இடத்தில் நாலு சக்கரம். பண்ணைக்காரருக்குப் புத்தம் புதுக் கூண்டு ஒன்று தகரத்தில் அடித்துக் கொடுத்துவிட்டு, இதைக் கயிறு கட்டி இழுத்துவந்தான்.

"கோழி முட்டை போட்ட ஷூவை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஆள் நீதாண்டா," என்றாள் அக்கா அன்று. ஆனாலும் மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் கூடச் சுரண்ட உட்கார்ந்தாள்.

அப்படி ஒரு ஷூ வண்டி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று சங்கம் நம்பிக்கொண்டிருந்தது. அது தலைவரிடம் இருந்தது. தலைவர் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலுதட்டை முழுசாக மூடிய மீசை. அதனால் மீசை டாக்டர். பல்லை எல்லாருக்கும் காட்டச் சொன்ன மனுஷர் தன் பல்லை யாருக்கும் காட்டியதில்லை என்று தம்பி சொல்லுவான். கூட்டம் வருஷத்துக்கு ஒரு ஊரில் நடப்பதால் அவர் வண்டியைத் தம்பி நேரில் பார்த்ததில்லை. அவரோ அதைக் கண்ணாடி அறையில் வைத்து, வருஷத்துக்கு ஒரு நாள், கூட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பார். தம்பி பார்த்துப் பார்த்து வேலை செய்ததெல்லாம் ஒரு பழைய பத்திரிகையில் வந்த கைக்குட்டை அளவுப் படத்தை.

ஞாயிறு வந்தது. மூடிப்போன பஸ் டிப்போவின் முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. வெயில் ஏறுவதற்குள் சோப்புக் கட்டிக்காரர் மூன்று தடவை துடைத்து முடித்திருந்தார். தம்பி ஷூவை ஓட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பழுப்புத் தோல் நிறம், மூக்கில் மினுமினுப்பு, தாம்புக்கயிறு தடிமனில் லேஸ். தம்பியின் தலை கணுக்கால் ஓட்டையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"யாரோ ராட்சசன் காலைக் கழட்டி வெச்சுட்டுப் போன மாதிரி இருக்கே," என்றார் பென்சில்காரர்.

அப்போதுதான் இரண்டு பேர் டாக்டர் வண்டியின்மேல் கிடந்த வெள்ளைத் துணியை உருவினார்கள். அக்கா பார்த்தாள். பார்த்த கணமே அவளுக்குள் என்னவோ குபுக்கென்று பொங்கியது. டாக்டருடைய ஷூவின் மூக்கு வலப்பக்கமாக வளைந்திருந்தது. தம்பியுடையது இடப்பக்கமாக. அது இடது கால், இது வலது கால். அட, ஜோடி! எங்கெங்கோ பிரிந்து கிடந்த ரெண்டும் ஒரே முற்றத்தில் வந்து நிற்கிறதே! இதற்கு மேல் பரிசோதனை எதற்கு? இன்னும் ரெண்டு நிமிஷத்தில் எல்லாரும் தம்பியைத் தோளில் தூக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவள் ஓரமாக ஒரு டயரின்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆயத்தமானாள்.

மூவர் குழு வேலையை ஆரம்பித்தது. டாக்டர், சங்கத்துச் செயலாளர், பென்சில்காரர். டாக்டர் சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்தார். தொழிலை விட்டாலும் அதை அவர் விடவில்லை. கை நுழையாத சந்துகளில் பட்டறை முத்திரை தேடுவதற்கு அதுதான் அவருக்குக் கண். சக்கரத்துக்கு அடியில் படுத்தார். ரிவெட்டுகளை எண்ணினார். எழுந்து முன்பக்கம் வந்து மூக்கைப் பார்த்தார். தன் வண்டியைப் பார்த்தார். திரும்ப இதைப் பார்த்தார். மீசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

மூன்று பேரும் தள்ளிப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். செயலாளர் தாளில் எழுதியதைத் திரும்பி வந்து படித்தார்.

"இது நகல்."

தம்பி ஷூவுக்குள்ளேயே நின்றான். இறங்கக்கூடத் தோன்றவில்லை.

"எப்படிங்க நகல்?"

டாக்டர் கையிலிருந்த பழைய பத்திரிகைத் தாளை விரித்துக் காட்டினார். தம்பி வைத்திருந்த அதே படம். "தம்பி, இந்தப் படத்தைப் பார்த்துத்தானே அடிச்சீங்க?"

"பார்த்துச் சரி பண்ணினேன். அடிக்கலை."

"இது பத்திரிகைக்காரன் இடம்வலம் மாத்தி அச்சடிச்ச படம். மூலப் படம் எங்க சங்கத்து ஹால்ல மாட்டியிருக்கு. அதுல மூக்கு வலப்பக்கம் வளையும், என் வண்டி மாதிரி. நீங்க திரும்பின படத்தைப் பார்த்து, திரும்பின ஷூவை அடிச்சிருக்கீங்க. வேலை பிரமாதம். அதுல குத்தம் சொல்லலை. ஆனா ஏமாத்து வேலை."

சுற்றி நின்றவர்கள் 'ச்சு' கொட்டினார்கள். சோப்புக் கட்டிக்காரர், போன மாதம்கூடத் தம்பியிடம் கதவு சரிபண்ணிக்கொண்டு போனவர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். தம்பிக்கு வாய் சும்மா கிடக்காது. கல்யாண வீட்டிலும் வம்பு, சாவு வீட்டிலும் வம்பு. அவன் இப்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. செயலாளர் பலகையில் எழுதுவதற்குச் சாக்பீஸ்கூட எடுத்துவிட்டார்.

அக்கா டயரிலிருந்து எழுந்து வந்தாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"நீங்க கடைக்குப் போனா ஷூ ஒண்ணாவா வாங்குவீங்க?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். டாக்டருக்குப் புரியவில்லை.

"உங்களுது இடது கால். எங்களுது வலது கால். திருப்பி அடிச்சதில்லைங்க. ஜோடி. நீங்க எல்லாரும் இதைப் பார்த்ததும் சந்தோஷத்துல குதிக்கப்போறீங்கன்னு அங்க உட்கார்ந்துக்கிட்டு இருந்தேன். இதைப் போய் ஒருத்தி வந்து சொல்லித்தரணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முப்பது, நாற்பது வருஷமாக வண்டிகளைப் பற்றியே மூச்சுவிட்டவர்கள் அவர்கள். சேஸிஸ் எண் தெரியும், கார்புரேட்டர் தெரியும், பெயிண்டின் வயசு தெரியும். ஷூ என்றால் ரெண்டு கால் உண்டு என்பது மட்டும் ஒருத்தர் மண்டையிலும் உதிக்கவில்லை. அவர்களுக்கு அது வண்டி. வண்டிக்கு ஜோடி கிடையாது.

பென்சில்காரர்தான் முதலில் சுதாரித்தார். "பேச்சுக்கு நல்லா இருக்கும்மா. நகல் அடிக்கிறவன்கூட வலது கால்னு சொல்லித் தப்பிக்கலாமே? ஆதாரம் வேணும்."

"ஆதாரம் இருக்கு. எங்க ஷூவோட நாக்குக்கு அடியில."

லேஸுக்குக் கீழே மடிந்து கிடக்கிற அந்தத் தகரப் பட்டையை அவள் தூக்கிக் காட்டினாள். அடிப்பக்கம், தகரத்தில் உளியால் குத்திய எண்: 38. பக்கத்தில் ரெண்டு புள்ளி.

"இதைத் தகர ஷீட் நம்பர்னு என் தம்பி நினைச்சான். நான் அப்பவே சொன்னேன், இது ஷூ தைக்கிறவங்க கை. ஜோடி மாறிடக் கூடாதுன்னு ரெண்டு நாக்குக்கு அடியிலயும் ஒரே எண்ணைப் போடுவோம். இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு ரெண்டு. எங்க ஆஸ்பத்திரியில இன்னிக்கும் அப்படித்தான். இந்த வண்டியைக் கட்டின ஷூ கம்பெனி தகரம் வெட்டுற வேலையை வண்டிப் பட்டறைக்காரன்கிட்ட விடலை. சொந்த ஆளுங்களை விட்டே வரைஞ்சு வெட்டியிருக்கு. அவங்க கை சும்மா இருக்குமா? டாக்டர், உங்க ஷூவோட நாக்கைத் தூக்குங்க. முப்பத்தெட்டும் ஒரு புள்ளியும் இருந்தா நாங்க அசல். இல்லைன்னா இந்தச் சாக்பீஸை என்கிட்டக் குடுங்க, என் தம்பி பேரை நானே எழுதிட்டுப் போறேன்."

"அக்கா!" என்றான் தம்பி, ஷூவுக்குள்ளிருந்து.

"நீ சும்மா இருடா."

டாக்டர் தன் வண்டியின் முன்னால் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றார், யாரோ குழந்தையைப் பிடுங்க வந்த மாதிரி. "என் வண்டியில நாக்கு ரிவெட் அடிச்சது. எல்லாம் அசல் ரிவெட். ஒண்ணைக் கழட்டினாலும் அசல் போச்சு. முடியவே முடியாது."

"கழட்ட வேண்டாம்," என்றாள் அக்கா. "எத்தனை பேர் வாய்க்குள்ள கண்ணாடியை விட்டு நாக்குக்கு அடியில பார்த்திருப்பீங்க? இது ஒண்ணையும் பாருங்களேன்."

இந்தத் தடவை எல்லாருமே சிரித்துவிட்டார்கள். செயலாளருக்குச் சாக்பீஸ் கைநழுவியது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சோப்புக் கட்டிக்காரர் ஏணி கொண்டுவந்து போட்டார். டாக்டர் ஏறினார். லேஸுக்கு நடுவில் இரண்டு விரல்கடை சந்து இருந்தது. அதன் வழியாக ஒரு கையால் டார்ச்சை அடித்து, இன்னொரு கையால் கண்ணாடியை உள்ளே விட்டார். முப்பது வருஷம் எதையும் கண்ணாடியில் இடம்வலம் மாறியே பார்த்துப் பழகின கண்.

அக்காவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தச் சந்தில் ஒரு கண்ணுக்குத்தான் இடம். அவர் பார்ப்பதைக் கூடவே வேறு யாராலும் பார்க்க முடியாது; தன் வண்டிமேல் இன்னொருவரை ஏறவும் விடமாட்டார். 'ஒன்றுமில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினால் கதை முடிந்தது. உலகத்திலேயே ஒன்றே ஒன்று என்று சொல்லிச் சொல்லித் தலைவரானவர். அந்த ஒன்றை அவர் ஏன் இரண்டாக்க வேண்டும்? அவசரப்பட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். தம்பியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

டாக்டர் கண்ணாடியைத் திருப்பினார். தூசியை ஊதினார். மறுபடி பார்த்தார். ஏணியின்மேல் அப்படியே அசையாமல் நின்றார். ரொம்ப நேரம். கீழே ஒருவர் இருமினார். இன்னொருவர் அவரை முறைத்தார்.

"செயலாளர்," என்றார் டாக்டர், திரும்பாமலே. "எழுதிக்குங்க. மூணு. எட்டு."

"புள்ளி?" என்றாள் அக்கா.

"ஒண்ணு."

ஏணியிலிருந்து இறங்கிவந்து டாக்டர் தன் வண்டியின் குதிகாலில் சாய்ந்து நின்றார். மீசை நடுங்கிற்று. அழப்போகிறார் என்று எல்லாரும் பயந்துவிட்டார்கள். அவர் பயங்கரமாகச் சிரித்தார். அன்றைக்குத்தான் சங்கம் முதல் தடவையாக அவர் பல்லைப் பார்த்தது. வரிசை தப்பாத நல்ல பல்.

"இருபத்தாறு வருஷம்! இருபத்தாறு வருஷமா ஒத்தை ஷூவைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருந்திருக்கேன்! என் வீட்டுக்காரி ஒருதரம் கேட்டா, இன்னொண்ணு எங்கேன்னு. உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்னு வாயை அடைச்சுட்டேன்!"

"இன்னிக்குப் போய் மன்னிப்புக் கேட்டுருங்க," என்றாள் அக்கா.

"கேட்காம வீட்டுக்குள்ள விடுவாளா?"

அவர் தம்பியிடம் போய் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "ஏமாத்து வேலைன்னு சொன்னேன், தம்பி. பத்துப் பேர் முன்னாடி சொன்னேன். அதே பத்துப் பேர் முன்னாடி வாபஸ் வாங்கிக்கிறேன். நீங்க அசலைத் திரும்பக் கொண்டுவந்தவர்."

போன வாய் தம்பிக்குத் திரும்பி வந்தது. "பரவால்ல விடுங்க, டாக்டர். ஒத்தைக் கால்ல எவ்வளவு நாள் நிப்பீங்க? கால் வலிச்சிருக்கும்."

செயலாளருக்குத்தான் சங்கடம். பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். ஒரு வண்டிக்கு ஒரு எண் என்பது விதி. ஜோடிக்கு என்ன செய்வது என்று விதியில் எங்கும் இல்லை. பென்சில்காரர் இரண்டு எண் என்றார், சோப்புக்காரர் ஒன்றரை என்றார், வாக்குவாதம் முற்றியது. கடைசியில் டாக்டரே பேனாவை வாங்கி, தன் வண்டிக்கு எதிரில் இருந்த 'ஒன்றே ஒன்று' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதே வரியில், அதே எண்ணுக்கு நேராகத் தம்பியின் பெயரையும் எழுதினார். ரேஷன் அட்டையில் இருந்த முழுப் பெயர். எழுதுவதற்கு முன்னால் அதை அக்காவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பத்தரை மணிக்கு ஊர்வலம். வழக்கமாகத் தலைவரின் வண்டி முன்னால் தனியாகப் போகும். டாக்டர் கணுக்கால் ஓட்டையில் ஏறி நின்று தம்பியைக் கூப்பிட்டார்.

"பக்கத்துல வாங்க. இதை அந்தக் காலத்துல எப்படி ஓட்டியிருப்பாங்கன்னு இப்பத்தான் புரியுது. நான் ஒரு வண்டி நீளம் முன்னாடி போய் நிப்பேன். நீங்க என்னைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போய் நில்லுங்க. அப்புறம் நான்."

டிப்போ வாசலைத் தாண்டி இடது ஷூ உறுமிக்கொண்டு தெருவில் கால் வைத்து நின்றது. வலது ஷூ அதைக் கடந்து போய் ஊன்றியது. மறுபடி இடது. மறுபடி வலது. அக்கா நடைபாதையில் கூடவே ஓடினாள். கடைத் தெருவில் சலூன்காரர் கையில் கத்தியோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், பாதி முகத்தில் நுரையோடு அவருடைய வாடிக்கைக்காரர். மாடி ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. ஒரு பஸ் நின்றே போயிற்று. உள்ளே இருந்தவர்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து பார்த்தார்கள். உடம்பில்லாத ஒரு ராட்சசன், இரண்டு காலை மட்டும் அனுப்பி, தெருவில் நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தான்.

யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. மருந்துக் கடைப் பக்கம் ஒருத்தர் "லெஃப்ட்!" என்று கத்தினார். எதிர்ச்சாரியில் நாலைந்து பேர் "ரைட்!" என்றார்கள். அடுத்த முக்குக்குள் தெருவே இரண்டாகப் பிரிந்து கத்த ஆரம்பித்துவிட்டது. லெஃப்ட்! ரைட்! லெஃப்ட்! ரைட்! ஒவ்வொரு 'ரைட்'டுக்கும் தம்பியின் தலை கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயர்ந்த மாதிரி அக்காவுக்குத் தெரிந்தது. மூச்சு வாங்கியது; செருப்பு வார் அறுந்தது; அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பின்னால் வந்த சோப்புக் கட்டி வேனிலிருந்து அதன் சொந்தக்காரர் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

"டிங்கர்! டிங்கர்! என் வண்டியோட கூரை ஒடுங்கியிருக்கு, எப்போ கொண்டுவரட்டும்?"

அவருக்குப் பின்னால் பற்பசை லாரிக்காரரும் ஏதோ கேட்டுக் கையை ஆட்டினார். தம்பி திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் பல்.

"வரிசையில வாங்க, வரிசையில! இப்ப நிறுத்த முடியாது, அடுத்த கால் என்னுது!"

தெரு "ரைட்!" என்று கத்தியது. அவன் முன்னால் போனான்.